காட்டோரத்தில் நாயோடு நடக்கலாமா? ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

கோவை மாவட்டத்து மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து 42 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. அம்மா இறந்த பிறகு சென்னையில் இருக்கப் பிடிக்காமல், கணவரோடு இங்கே ஒரு சிறிய தென்னந்தோப்பு வாங்கிக் குடிவந்திருக்கிறார். கூடவே இரண்டு நாய்கள். புரூனோ, 6 வயது லேப்ரடார். மின்னல், ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறை. கோவில்பட்டிப் பக்கத்து உறவினர் குட்டியாகக் கொடுத்தது. (பெயர்களை மாற்றியிருக்கிறோம்.) காலை ஐந்தரை மணிக்கும் மாலை ஆறு மணிக்கு மேலும் தோப்பைத் தாண்டி, சோளக்காட்டு வரப்பில் இறங்கி, பள்ளத்தைக் கடந்து, வனத்துறையின் எல்லைக்கல் வரை நடந்துவிட்டு வருவார். நாய்களுக்குக் கயிறு கிடையாது. "இந்த நடை மட்டும் இல்லையென்றால் நான் படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.

கொஞ்ச நாளாக எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்திருக்கிறது. மயில்களைத் துரத்திக்கொண்டிருந்த மின்னல் ஒரு நாள் முயல் பின்னால் எல்லைக்கல்லைத் தாண்டி ஓடி, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. வனக்காவலர் வீட்டுக்கே வந்து, இன்னொரு முறை பார்த்தால் வழக்குப் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்து, பட்டி ஆடுகளை மின்னல் கலைத்துவிட்டது. மூன்றாம் நாள் ஒரு சினை ஆடு குட்டி வீசிவிட (சினை கலைந்துவிட), ஆட்டுக்காரர் 8,000 ரூபாய் கேட்கிறார். பக்கத்துத் தோட்டத்து நாயைச் சிறுத்தை தூக்கிப் போயிருக்கிறது. கணவர், "மின்னலை யாருக்காவது கொடுத்துவிடு, புரூனோவைக் கட்டிப் போடு, நடையே வேண்டாம்" என்கிறார். ஓடப் பிறந்த நாயைக் கட்டிப் போடுவது பாவமில்லையா, இரண்டு நாய் கூட இருந்தால் நமக்குப் பாதுகாப்புத்தானே, நடையை நிறுத்தத்தான் வேண்டுமா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

நடையை நிறுத்த வேண்டாம். மின்னலையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஆனால் இப்போது நடக்கிற மாதிரி நடக்கக் கூடாது. போகிற நேரம், போகிற பாதை, கையில் கயிறு என மூன்றையும் மாற்றியாக வேண்டும். விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வரிதான் என்னை அதிகம் உறுத்துகிறது. புரூனோவுக்கு இந்த மாதம் இரண்டு முறை மூக்கில் ரத்தம் வந்தது, சூட்டினால் இருக்கும் என்று இளநீர் கொடுத்து வருகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

புரூனோவை நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்

நாய்க்குச் சூட்டினால் மூக்கில் ரத்தம் வருவதில்லை. நம் ஊரில், உண்ணி ஏறும் இடங்களில் நடக்கும் நாய்க்கு மூக்கில் ரத்தம் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சலைத்தான். எர்லிக்கியா என்ற நுண்கிருமி உண்ணியின் கடியோடு உள்ளே போய் வெள்ளை அணுக்களில் தங்குகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன. நல்ல நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 2 லட்சம் முதல் 5 லட்சம் தட்டணுக்கள் வரை இருக்கும். அது 50 ஆயிரத்துக்கும் கீழே இறங்கும்போது மூக்கு, ஈறு, சிறுநீர் என்று எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம்.

"நன்றாகத்தான் சாப்பிடுகிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். கடித்த சில வாரங்களில் லேசாகக் காய்ச்சல் வந்து தானாகவே அடங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில்கூட, எந்த அறிகுறியும் இல்லாமல் கிருமி உள்ளேயே இருக்கும். கடைசியில் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்ட பிறகு நாயைத் தேற்றுவது ரொம்பக் கடினம்.

இன்று ராத்திரியே ஒன்று செய்யுங்கள். புரூனோவின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துவிட்டு இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். அப்புறம் மல்லாக்கப் போட்டு, முடி இல்லாத அடிவயிற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். கொசு கடித்த மாதிரி, ஆனால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் கிளம்பிவிடுங்கள். மருத்துவரிடம் முழு ரத்த அணுப் பரிசோதனை, ரத்தப் பூச்சு (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) இரண்டும் கேளுங்கள். பூச்சு எதற்கென்றால், அதே உண்ணி பரப்பும் பபீசியா என்ற ஒட்டுண்ணிக்கு மருந்தே வேறு. எர்லிக்கியா என்றால் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே நாய் துள்ளி எழும். அப்போது மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் திரும்பி வருகிறார்கள். தோட்டத்தில் யாராவது எலி மருந்து வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், ரத்தம் உறையாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் இருக்கும் வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

மாதம் ஒருமுறை முதுகில் சொட்டு மருந்து விடுகிறோம், அதனால் உண்ணிப் பிரச்சினை இல்லை என்கிறீர்கள். அதே கடிதத்தில், புரூனோ தினமும் தோட்டத் தொட்டியில் குதித்து நீந்துவான் என்றும் இருக்கிறது. அப்படி நனையும் நாயிடம் பல சொட்டு மருந்துகள் மாதம் முழுக்கத் தாங்காது. மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ வாய்வழியாகக் கொடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். புரூனோவுக்கு முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள். நாயுண்ணி வயலில் ஏறுவதைவிட வீட்டில் பெருகுவது அதிகம். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்கும் திண்ணையின் வெடிப்புகளைப் பூசிவிடுங்கள், படுக்கைத் துணியைக் கொதிநீரில் போடுங்கள். நடந்து வந்ததும் விரலிடுக்கு, காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடி, அக்குள், வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி இரண்டும் வேண்டாம். விரலால் நசுக்கவும் வேண்டாம்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. புதர்ப் பக்கம் நடக்கிறவர்களுக்குச் சிற்றுண்ணி கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வருவது தமிழ்நாட்டில் சகஜம். முழுக்கால் உடை போடுங்கள். காய்ச்சல் அடித்து, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்ட மாதிரி கருகிய பொருக்கு தெரிந்தால், மருத்துவரிடம் "காட்டோரம் நடப்பேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு தகவலில் சிகிச்சை சீக்கிரம் ஆரம்பமாகும்.

ஓட விட்டால்தான் மின்னலுக்குச் சந்தோஷமா?

உங்கள் கடிதத்தின் மையமான கேள்வி இது. வீட்டில் இத்தனை சமத்தாக இருக்கிற மின்னல், முயலைக் கண்டால் மட்டும் கூப்பிட்டதைக் கேட்பதில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அதில் அவன் தப்பும் இல்லை, உங்கள் வளர்ப்பின் தப்பும் இல்லை. சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் இனம். தெற்கத்திக் கரிசல் காட்டில் தலைமுறை தலைமுறையாக முயலுக்கென்றே தேர்ந்து வளர்த்தது. கண்ணெதிரே ஒன்று விலகி ஓடினால் அந்த நாயின் காது அடைத்துவிடும். பிஸ்கட் கொடுத்துப் பழக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், முயல் இல்லாத இடத்தில் சரியாகும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டோரத்தில் மின்னலைக் கயிறில்லாமல் விடவே கூடாது. எத்தனை வயதானாலும் இதுதான் என் பதில்.

கயிறு கட்டுவதைப் பாவம் என்று நினைக்காதீர்கள். இந்த இன நாய்கள் ஒரே மூச்சாகக் கொஞ்ச நேரம் பறந்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் கட்டிலில் சுருண்டு தூங்கும் வகை. அவற்றுக்கு வேண்டியது இரண்டு. தினமும் கொஞ்சம் முழு வேக ஓட்டம், அப்புறம் மூக்குக்கு வேலை. ஓட்டத்தை உங்கள் வேலிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். மூங்கில் கழி நுனியில் நீளக் கயிறு கட்டி, அதன் முனையில் ஒரு பழைய துணியை முடிந்து தரையோடு இழுத்துச் சுற்றுங்கள். பத்து நிமிடத்தில் மின்னல் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிழலுக்குப் போய்விடுவான். வேலி ஆறடிக்குக் குறைந்தால் தாண்டுவான், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூக்குக்கு வேலை என்பது நடையில். எட்டுப் பத்து மீட்டர் நீளமுள்ள நாடாக் கயிறு வாங்கி, அதைக் கழுத்தில் கட்டாமல் மார்போடு அணியும் கச்சையில் மாட்டுங்கள். சிப்பிப்பாறையின் தலை கழுத்தைவிட ஒடுக்கம். பின்னால் நகர்ந்து ஒரு உதறு உதறினால் சாதாரணக் கழுத்துப்பட்டை கழன்று கையில் வந்துவிடும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள், மடிப்பு மடிப்பாக உள்ளங்கையில் வையுங்கள். அவன் திடீரென்று பாய்ந்தால் சுற்றிய கயிறு உங்கள் விரலைப் பதம் பார்த்துவிடும். பிறகு, அவசரப்படாமல் நடங்கள். மின்னல் ஒரு கரையான் புற்றின் அடியில் மூக்கை வைத்து, மூச்சைக் குட்டி குட்டியாக இழுத்துக்கொண்டு நிற்பான். அவனாகத் தலையைத் தூக்கும் வரை நில்லுங்கள். அரை மணி நேரம் இப்படி மோந்து நடந்த நாய், இரண்டு மணி நேரம் ஓடிய நாயைவிட அமைதியாகத் தூங்கும்.

வனக்காவலர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொன்றால்தான் வேட்டை என்று பொருள் இல்லை. நாயை விட்டுத் துரத்துவது, விரட்டுவது, அதற்கான முயற்சி எல்லாமே அதில் அடக்கம். மயில் அந்தச் சட்டத்தில் அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடியது நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. முயலும் பாதுகாக்கப்பட்ட உயிரினம்தான். அப்புறம், காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், உங்களுக்கும் சேர்த்து. கயிறு நழுவி ஒரு முறை ஓடியதற்கும், ஓடும் என்று தெரிந்தே தினமும் அவிழ்த்து விடுவதற்கும் அதிகாரிகள் வித்தியாசம் பார்ப்பார்கள். எச்சரிக்கை வந்த பிறகு "தெரியாது" என்று நீங்கள் சொல்ல முடியாது. அந்தக் காவலரை நேரில் பார்த்து, இனிமேல் கயிற்றோடுதான் வருவோம், எதுவரை வரலாம் என்று கேட்டுவிடுங்கள். யானை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்பதும் அவருக்குத்தான் முதலில் தெரியும். அவருடைய பழக்கம் உங்களுக்கு வேண்டும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு மருத்துவராக எனக்குப் பெரிய கவலை நோய். 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிக் காட்டுப் பகுதியில் கெனைன் டிஸ்டெம்பர் என்ற நாய் நோய் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போயின. 2018இல் குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களையும் அதே வைரஸ் தாக்கியது. நம் மலையில் செந்நாயும் நரியும் இருக்கின்றன. தடுப்பூசி ஒழுங்காகப் போட்ட நாய்கள் அந்த நோயைச் சுமந்து போகாது என்பது உண்மை. ஆனால் மின்னலுக்குக் குட்டியில் போட்டதோடு விட்டுவிட்டோம் என்கிறீர்களே, அதை இந்த வாரமே சரிசெய்யுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி வருடம் தவறக் கூடாது. வயல் எலிகளின் சிறுநீர் கலந்த தேங்கு நீரில் எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா இருக்கும் என்பதால் அதற்கும் வருடாந்தர ஊசி வேண்டும். கீரியோ நரியோ தெருநாயோ உங்கள் நாயைக் கடித்துவிட்டால், தடுப்பூசி போட்டிருந்தாலும், சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள்.

கயிறு கட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. காட்டுப்பன்றிக்கென்று சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். தின்பண்டத்துக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வரப்பில் போட்டிருப்பார்கள், கடித்தால் வெடிக்கும். யானை, மாடு, நாய் என்று எத்தனையோ உயிர்கள் தாடை சிதறிச் செத்திருக்கின்றன. புதருக்கடியில் பிரேக் வயரில் செய்த சுருக்குக் கண்ணி இருக்கும். சில தோட்டங்களில் ராத்திரி திருட்டுத்தனமாக வேலிக்கு நேரடி மின்சாரம் கொடுத்துவிட்டு விடிந்த பிறகுதான் எடுப்பார்கள். இது மூன்றும் சட்டவிரோதம், மூன்றும் நடக்கிறது. எட்டு மீட்டர் கயிற்றில் இருக்கும் நாய் எதை வாயில் எடுக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். "விடு" என்று சொன்னதும் எதையும் கீழே போடும் பழக்கத்தை இரண்டு பேருக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். பையில் ஒரு கட்டிங் பிளேயர் இருக்கட்டும், கண்ணியை வெட்ட உதவும். நாய் வாய்நீர் ஊற்றி, கண்மணி சுருங்கி, உடம்பு துடித்தால் வயலில் அடித்த பூச்சிமருந்தாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வண்டியில் ஏற்றுங்கள். மழைக்காலத்தில் தேரையைக் கவ்விவிட்டும் நுரை தள்ளும், அது பெரும்பாலும் வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அடங்கிவிடும்.

சிறுத்தைக்கு முன்னால் இரண்டு நாய்

இரண்டு நாய் இருப்பதால் சிறுத்தை கிட்டே வராது என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். விஷயம் தலைகீழ். மகாராஷ்டிரத்தில் கரும்புக்காட்டை ஒட்டி வாழும் சிறுத்தைகள் என்ன தின்கின்றன என்று வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் எச்சத்தை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். தின்ற இரையின் எடையில் 87 சதவீதம் வீட்டு விலங்குகள். நாய் மட்டுமே 39 சதவீதம், ஆட்டைவிட அதிகம். ஊரோரச் சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. உங்கள் நாய் முன்னால் தனியாக ஓடினால் அதற்கு ஆபத்து. சிறுத்தையைப் பார்த்துப் பயந்து உங்கள் காலடிக்கு ஓடி வந்தால் உங்களுக்கும் ஆபத்து. யானை, காட்டெருமை விஷயத்தில் இது இன்னும் மோசம். கயிறில்லாத நாய் யானையைப் பார்த்துக் குரைத்துச் சீண்டும், யானை திரும்பினால் நேராக எஜமானரிடம்தான் ஓடி வரும், யானை அதன் பின்னால் வரும்.

அதனால்தான் நேரத்தை மாற்றச் சொல்கிறேன். காலை ஐந்தரையும் மாலை ஆறுக்கு மேலும் நீங்கள் நடக்கக் கூடாத நேரங்கள். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, ஏழு மணிக்குக் கிளம்புங்கள். மாலை நாலரைக்குப் போய், வெயில் இறங்குவதற்குள் வீடு வந்துவிடுங்கள். கோடையில் மட்டும் மாலை நடையை விட்டுவிடுங்கள். லேப்ரடாரின் உடம்பு நம் சித்திரை வெயிலைத் தாங்காது. மூச்சு இரைப்பு நிற்காமல், நடை தள்ளாடினால் குழாய்த் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதையையும் திருப்புங்கள். பள்ளத்துக்குள் இறங்க வேண்டாம், காட்டு விலங்கு தண்ணீருக்கு வரும் வழி அது. எல்லைக்கல்லுக்கு நல்ல தூரம் முன்னாலேயே திரும்பிவிடுங்கள். தோப்பு, வரப்பு, ஊர்ப்பாதை என்று ஒரு சுற்று வைத்துக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு நாய்களும் கதவுள்ள அறைக்குள் இருக்க வேண்டும். திண்ணையில் சங்கிலியால் கட்டிப் போட்ட நாயால் தப்பி ஓடக்கூட முடியாது. கட்டிப் போடச் சொல்லும் உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

பையில் இருக்கும் பிளேடை எடுத்துவிடுங்கள்

பாம்புக்கடிக்கென்று கயிறு, பிளேடு, பர்மாங்கனேட் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அக்கறை புரிகிறது, ஆனால் மூன்றும் கெடுதல்தான் செய்யும். இறுக்கிக் கட்டினால் கால் அழுகும். கீறினால், கண்ணாடி விரியன் கடித்த உடம்பில் ரத்தம் உறையாது என்பதால் கசிவு நிற்காது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நாயை நடக்க விடாமல் தூக்குங்கள். கடி முகத்திலோ கழுத்திலோ இருந்தால் கழுத்துப்பட்டையை உடனே கழற்றுங்கள், வீக்கம் வேகமாக ஏறும். நாய் மோந்து பார்க்கப் போய்த்தான் பெரும்பாலும் மூக்கிலும் முன்னங்காலிலும் கடி வாங்கும். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமே தெரியாமல்கூட இருக்கலாம். கண்ணிமை தொங்குவதும் பின்னங்கால் தளர்வதும்தான் காட்டிக்கொடுக்கும்.

இப்போதே செய்து வைக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனையில் நாய்க்கு விஷமுறிவு மருந்து கையிருப்பு இருக்கிறது, ராத்திரி யார் இருப்பார்கள் என்று போன் செய்து கேட்டு, அந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் அந்த மருந்து இருக்காது. கடித்த பிறகு தேடி அலைவதில்தான் பல நாய்களை இழக்கிறோம்.

ஆட்டுக்காரர் கேட்கும் 8,000 ரூபாய்

மின்னல் கடிக்கவே இல்லையே, அப்புறம் எப்படிக் குட்டி வீசும் என்று கேட்டிருக்கிறீர்கள். வீசலாம். ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். அதன் கடைசிப் பகுதியில் விரட்டப்பட்டு, பயந்து, ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு ஓடினால் ஓரிரு நாள் கழித்துக் குட்டி வீசுவது நடக்கக்கூடியதுதான். அது மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. புரூசெல்லா போன்ற தொற்றுகளாலும் சினை கலையும். அதே பட்டியில் இதற்கு முன்பும் ஆடுகள் குட்டி வீசியிருக்கின்றனவா என்று பக்குவமாகக் கேளுங்கள். வீசியிருந்தால், ரத்த மாதிரி எடுத்துப் பார்க்க அரசு கால்நடை மருந்தகத்துக்கு அவரை அழைத்துப் போங்கள். அது அவர் பட்டியையே காப்பாற்றும் உதவி. புரூசெல்லா மனிதருக்கும் வரும். வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல் ஆழக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லுங்கள். உங்கள் நாய்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

சரி, பணம் கொடுக்கலாமா? சட்டப்படி, உங்கள் நாயின் செயலால்தான் இழப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. நீதிமன்றத்துக்குப் போனால் அது அவருக்கு எளிதல்ல. ஆனாலும் நாய் ஆடுகளைக் கலைத்தது உண்மை, கயிறில்லாமல் விட்டது நீங்கள். ஒரு குட்டி வளர்ந்து சந்தைக்குப் போனால் என்ன கிடைக்குமோ அதில் ஒரு பங்கு அவருக்கு இழப்புத்தான். தொகை அதிகம் என்று தோன்றினால், ஊரில் இரண்டு பேருக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி, ஒத்துக்கொள்ளும் தொகையைக் கொடுத்து, அது இந்தச் சம்பவத்துக்கான முழுத் தீர்வு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் அவர் ஆடு மேய்க்கும் வரப்பில்தான் நீங்கள் நடக்கப் போகிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொடுத்துவிடுவேன். அவர் எந்த நேரம் எந்தப் பக்கம் ஓட்டுவார் என்று கேட்டு, அதற்கு மாறான நேரத்தில் போனால் சண்டைக்கே வேலையில்லை.

மின்னலைக் கொடுத்துவிடுவது பற்றி

உங்கள் வீட்டுக்காரர் கோபத்தில் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பயம் என்று படுகிறது. விடியாத நேரத்தில் மனைவி காட்டோரம் தனியாகப் போகிறார், அடுத்த தோட்டத்தில் சிறுத்தை நாயைத் தூக்கியிருக்கிறது. யாருக்குத்தான் பயம் வராது? "நடக்காதே" என்பதற்கு எதிராக வாதாடாமல், புது நேரத்தையும் பாதையையும் சொல்லி, ஒரு வாரம் கூட வரச் சொல்லுங்கள். இரண்டு நாய்க்கும் இரண்டு கயிறு என்றான பிறகு இரண்டு பேர் நடப்பதே வசதி. அம்மாவின் மறைவுக்குப் பிறகான உங்கள் மனநிலையைப் பற்றி எழுதியதையும் படித்தேன். இந்த நடை உங்களைத் தாங்கியிருக்கிறது, அதை விடாதீர்கள். நடை இல்லாத நாளில் எழுந்திருக்கவே முடிவதில்லை என்பது தொடர்ந்தால் மட்டும் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கருத்தடை செய்தால் மின்னல் துரத்துவதை விடுவானா என்று கேட்டிருக்கிறீர்கள். விட மாட்டான். ஊர் சுற்றுவதும் மற்ற ஆண் நாய்களோடு சண்டையும் குறையலாம், வேட்டைப் புத்தி குறையாது. வேறு காரணங்களுக்காகச் செய்யலாம், இதற்காக வேண்டாம்.

ஒன்றரை வயது, ஆண், சிப்பிப்பாறை, நல்ல ஓட்டம் என்று நீங்கள் வெளியே சொன்னால் முதலில் வந்து நிற்பவர்கள் முயல் வேட்டைக்கு நாய் தேடுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களிடம் போனால் அவனுக்குக் கண்ணியும் வெடியும்தான் அன்றாடம். இத்தனையும் செய்து பார்த்து, ஆறு மாதம் கழித்தும் உங்களால் முடியவில்லை என்றால், குட்டியைக் கொடுத்த அந்தக் கோவில்பட்டி உறவினரிடமே முதலில் பேசுங்கள். அவருக்கும் முடியாது என்றால், உயர்ந்த வேலியுள்ள வீடாக நீங்களே நேரில் போய்ப் பார்த்து, தடுப்பூசி அட்டையையும் அந்த மார்புக் கச்சையையும் சேர்த்துக் கொடுங்கள். வேட்டைக்கென்று கேட்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.